கதவுக்கு உள்ளேயிருந்து ஒரு குரல்

ஜனவரி 8

அன்புள்ள அண்ணிக்கு,

தம்பி எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் இருக்கிற அளவுக்கு நலம். அம்மாவுக்குக் குளிரில் முழங்கால் வலி கூடிவிட்டது. எனக்கு முதுகு. இத்தனை வருஷம் கேமராவைத் தோளில் சுமந்தவனுக்கு முதுகு கெடாமல் இருந்தால்தான் அதிசயம் என்கிறார் டாக்டர். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? பல் ஆஸ்பத்திரி வேலை அப்படியேதானா?

போனில் சொல்லியிருப்பேன். "போன் வேண்டாம்ப்பா, எழுது" என்று நீங்கள்தான் எப்போதோ சொல்லிவிட்டீர்கள். அதுவும் நல்லதுதான். போனில் நீங்கள் "சரி, சரி" என்று சொல்லி வைத்துவிடுவீர்கள், எனக்குப் பாதி விஷயம் தொண்டையிலேயே நின்றுவிடும்.

அண்ணன் குழு வருஷக்கணக்கில் மேடையேற்றிய அந்தப் பழைய நாடகம் இப்போது படமாகிறது. நான்தான் ஒளிப்பதிவு. இயக்குநர் இளைஞர். கல்லூரி நாளில் கடைசி வரிசையில் நின்றுகொண்டே உங்கள் நாடகத்தைப் பார்த்தாராம். கதையை இந்தக் காலத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். அரசன் இப்போது லாரி கம்பெனி முதலாளி. அரண்மனை, பதினான்காவது மாடியில் ஒரு பெரிய வீடு. நாடு கடத்தப்பட்ட இளவரசன், அப்பன் துரத்திவிட்ட பையன். அவன் அடிபட்டுத் திரும்பி வருகிறான். "திறக்கக் கூடாது" என்று புருஷன் சொல்லியும் அம்மா கதவைத் திறக்கிறாள். உள்ளேயிருந்து, மேடையில் அரசனாக அண்ணன் பேசிய அதே வசனம்: "யார் கதவைத் திறந்தது?"

அந்த அம்மாவாக நீங்கள்தான் வரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். "அண்ணன் போனதுக்கப்புறம் அவங்க மேடை ஏறவே இல்ல சார்" என்றேன். "மேடை ஏற வேணாம் சார். கேமரா முன்னாடி வந்து நின்னா போதும்" என்கிறார்.

என்ன சொல்வது என்று எழுதுங்கள்.

அன்புடன்,
தம்பி

ஜனவரி 29

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்து ஏழெட்டு நாள் ஆகிறது. நான் நலம். அத்தைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. நீயும் ஏதாவது பெல்ட் வாங்கி இடுப்பில் கட்டிக்கொள்.

என் வேலைக்கு என்ன? வாயைத் திறக்கச் சொல்வது டாக்டர் வேலை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களை வரிசையாக உட்கார வைப்பது என் வேலை. பல்வலிக்காரர்கள் யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கு அது பிடித்திருக்கிறது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றுவதற்கே அலுப்பாக இருக்கிறது. இந்த லட்சணத்தில் நடிப்பா?

அந்த ராணியை நான் போதும் போதும் என்கிற அளவுக்கு நடித்தாகிவிட்டது. பதினான்காவது மாடியில் நின்றுகொண்டு அரசன் கேள்விக்கு அவ்வளவு நீளப் பதிலை யாரைப் பார்த்துப் பேசுவது? லிஃப்டையா? உன் இயக்குநரிடம் நல்ல வார்த்தை சொல்லி வேறு ஆளைப் பார்க்கச் சொல்.

அண்ணி

பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். லிஃப்ட் விஷயத்தை இயக்குநரிடம் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தார். உடம்பு அலுப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். ரத்தம் ஒரு தடவை பரிசோதித்துவிடுங்கள்.

நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை அண்ணி. அந்த நீளப் பேச்சு படத்தில் கிடையவே கிடையாது. முழுசாக எடுத்துவிட்டார். அந்தப் பேச்சுக்குத்தானே ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்? ஆனால் அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. "மேடையில கடைசி வரிசைக்குப் போய்ச் சேரணும்னா பேசித்தான் ஆகணும். இங்க கேமராவே பக்கத்துல போயிடுது. இமை அசைஞ்சா போதும் சார், வசனம் எதுக்கு?" என்கிறார். தூரத்தில் நின்று முகத்தை மட்டும் இழுத்துப் பிடிக்கிற லென்ஸ் ஒன்று போடப் போகிறேன். நீங்கள் வாசலில் நிற்பீர்கள், உள்ளேயிருந்து குரல் வரும், அவ்வளவுதான். வெட்டே இல்லாமல் உங்கள் முகத்தின் மேலேயே நிற்கப் போகிறோம்.

நாடகத்தில் இரண்டு பக்கமும் நின்று கதை சொல்லும் ஊர்க்காரர்கள் கூட்டம் நினைவிருக்கிறதா? அதற்குப் பதிலாகக் கீழே வாட்ச்மேன் அறையில் வரிசையாகக் கண்காணிப்புத் திரைகள். யார் வருகிறார், யார் போகிறார் என்று ஊர் பார்த்துக்கொண்டே இருக்கும், வாயைத் திறக்காது. எனக்கு இது ரொம்பப் பிடித்தது.

இன்னொன்று. வசனத்தின் தாளம் தெரிய வேண்டும் என்று பழைய ஒலிப்பதிவு இருந்தால் கேட்டார். அம்மா அலமாரியிலிருந்து அண்ணனுடைய நாடாவை எடுத்துக் கொடுத்தாள். "என் பிள்ளை குரல் சினிமாவுல வருமாடா?" என்று அன்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அன்புடன்,
தம்பி

மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும். ரத்தம் பரிசோதித்தேன், குறை ஒன்றும் இல்லை. அலுப்புக்குச் சோதனை கிடையாதாம்.

வருகிறேன். அந்தப் பேச்சு இல்லை என்று எழுதினாயே, அதனால்தான்.

தாளம் கேட்டு முடித்தபின் நாடாவை அத்தையிடமே கொடுத்துவிடச் சொல்.

அண்ணி

ஏப்ரல் 26

அன்புள்ள அண்ணிக்கு,

ஊர் போய்ச் சேர்ந்தீர்களா? உடம்பு எப்படி இருக்கிறது? படப்பிடிப்பை விட்டு நீங்கள் சொல்லாமல் கிளம்பியதிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. லிஃப்ட் இருக்கும்போது பதினான்கு மாடியும் படியில் இறங்கிப் போனீர்கள் என்று வாட்ச்மேன் சொன்னார்.

முதலில் ஒரு விஷயம். அன்றைக்கு அண்ணனுடைய நாடாவைப் போடப் போகிறார்கள் என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது. ஒத்திகையில் உதவி இயக்குநர்தான் "யார் கதவைத் திறந்தது" என்று உள்ளேயிருந்து சொன்னார், நீங்களும் அமைதியாக நின்றீர்கள். டேக் போகும்போது இயக்குநர் ஒலிப்பதிவாளருக்குக் கண்ணைக் காட்டினார். நடிகர்களுக்கு முன்னால் சொல்லாமல் செய்தால்தான் முகத்தில் உயிர் வரும் என்பது அவர் கட்சி.

அண்ணன் குரல் வந்ததும் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. ஆனால் நான் கண்ணை லென்ஸிலிருந்து எடுக்கவில்லை, அது என் தொழில். அதனால் நான் பார்த்துவிட்டேன். நீங்கள் அழுவீர்கள் என்று நினைத்தேன். அழவில்லை. முழங்கையை மடக்கி, காதையும் கன்னத்தையும் மறைத்து, தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டீர்கள். கண் சிமிட்டுகிற நேரம்தான். பிறகு கையை இறக்கிப் புடவை முந்தானையைச் சரிசெய்கிற மாதிரி செய்தீர்கள். அப்புறம் "நான்தான்" என்றீர்கள். சத்தமே வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது.

இயக்குநர் "கட்" சொல்லவே மறந்துவிட்டார். செட்டில் இருந்த எல்லோரும் கைதட்டினார்கள். "என்ன துக்கம் சார்! செத்துப்போன புருஷன் குரலைக் கேட்டதும் எப்படி ஒடுங்கிப் போனாங்க பாத்தீங்களா!" என்று என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நீங்கள் "டீ இருக்கா?" என்று கேட்டீர்கள். வாங்கிவந்து பார்த்தால் நாற்காலி காலி.

அது துக்கமா அண்ணி?

தம்பி

ஜூன் 3

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா? போன கடிதம் கிடைத்ததா, இல்லையா? கேட்கக் கூடாததைக் கேட்டிருந்தால் விட்டுவிடுங்கள். நலம் என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள்.

அடுத்த மாதம் டப்பிங் இருக்கிறது. உங்களுக்குத் தகவல் வரும். அந்தத் தேதியில் நான் வேறு படத்துக்காக வெளியூரில் இருப்பேன்.

தம்பி

ஜூன் 15

அன்புள்ள தம்பிக்கு,

நலம். கடிதம் கிடைத்தது. ஆஸ்பத்திரியில் இன்னொரு பெண் வேலையை விட்டுப் போய்விட்டதால் இரண்டு ஆள் வேலையும் என் தலையில்தான். அதுதான் தாமதம்.

அன்றைக்கு விளக்கு வெளிச்சம் திடீரென்று கண்ணில் அடித்தது. அதனால் கையைத் தூக்கிவிட்டேன். வேறு ஒன்றும் இல்லை.

டப்பிங்குக்கு வருகிறேன். அத்தையைக் கேட்டதாகச் சொல்.

அண்ணி

ஜூன் 24

அன்புள்ள அண்ணிக்கு,

நாங்கள் நலம். அம்மா உங்களை விசாரித்தாள்.

அந்த விளக்கை வைத்தது நான். அது உங்களுக்குப் பின்னால் இருந்தது.

எடிட்டிங் நடக்கிறது. அந்த ஒரு ஷாட்டை ஓட்டி ஓட்டிப் பார்க்கிறார்கள். மெதுவாக்கிக்கூடப் பார்த்தார்கள். நான் வெளியே போய் நின்றுகொண்டேன். மேடைக்கும் ஜனங்களுக்கும் நடுவில் அவ்வளவு தூரம் இருந்தது எவ்வளவு வசதியாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். நான் படிப்பு, வேலை என்று எப்போதும் வெளியூரிலேயே இருந்தவன். நாடகம் நடக்கும்போது வந்தால் முதல் வரிசையில் உட்காருவேன். அங்கேயிருந்து பார்த்தால் ராணிதான் தெரிவாள்.

இயக்குநரிடம் பேசினேன். நான் கேட்டால் ஒத்திகையில் எடுத்து வைத்ததைப் போட்டுக்கொள்வதாகச் சொல்கிறார், மனசில்லாமல்தான். அண்ணன் குரலையும் எடுத்துவிட்டு வேறு ஆளைப் பேசவைக்கலாம். ஒரே ஒரு சிக்கல். அம்மா அந்தக் குரலுக்காகக் காத்திருக்கிறாள். பக்கத்து வீடு, எதிர்வீடு எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். இருந்தாலும் நீங்கள் சொல்வதைத்தான் செய்வேன். காரணம் எழுத வேண்டாம். "எடு" என்று எழுதினால் போதும்.

தம்பி

ஜூலை 30

அன்புள்ள தம்பிக்கு,

நீ காரணம் கேட்காததால் எழுதுகிறேன்.

உன் அண்ணன் நாடகம் முடிந்து வீட்டுக்கு வந்தால் ஒப்பனையைக் கலைப்பார், குரலைக் கலைக்க மாட்டார். "யார் ஜன்னலைத் திறந்தது? யார் என் சீப்பை எடுத்தது?" வீட்டில் இருந்தது இரண்டே பேர். கேள்வி யாருக்கு என்று சந்தேகமே வராது. கேள்விக்குப் பின்னாலேயே கை வரும். முகத்தில் மட்டும் படாது. முகம் சனிக்கிழமை மேடைக்கு வேண்டுமே.

மேடையில் அதே கேள்விக்கு எனக்குப் பதில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். வீட்டில் எழுதிக் கொடுக்கவில்லை. அந்த ராணி எனக்காகவும் சேர்த்து அவ்வளவு நேரம் பேசுவாள், ஜனங்கள் கைதட்டுவார்கள், அவரும் என் பக்கத்தில் நின்று கும்பிடுவார். பிறகு இருவரும் ஒரே ஆட்டோவில் வீட்டுக்குப் போவோம். இப்படிப் பழகிப் பழகி, அந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குத் தூக்கம் வருகிற மாதிரி ஆகிவிட்டது. அவ்வளவு அலுப்பு. அது கிடையாது என்றதால்தான் வந்தேன்.

போனில் ஏன் பேசுவதில்லை என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. உன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை தம்பி. நேரில் உன் முகம் இருக்கிறது, சமாளித்துக்கொள்வேன். போனில் குரல் மட்டும்தான் வருகிறது. அது அப்படியே அவர் குரல். நீ "அண்ணி" என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். நீ என்ன செய்வாய்? ஒரே வீட்டுத் தொண்டை.

டப்பிங்குக்குப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், ஒலிப்பதிவாளராம். காதில் மாட்டிக்கொண்டதும் அவர் குரல். நான் உட்கார்ந்துவிட்டேன். "என்னம்மா, சத்தம் அதிகமா இருக்கா? கொறைக்கட்டுமா?" என்று கேட்டாள். தலையை ஆட்டினேன். ஒரு விரலால் எதையோ கீழே இழுத்தாள். அவர் குரல் தேய்ந்து தேய்ந்து, கொசு மாதிரி ஆகி, இல்லாமலே போய்விட்டது. "போதுமா, இன்னும் கொறைக்கணுமா?" என்றாள். இப்படி ஒரு கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. "போதும்மா" என்றேன். "நான்தான்" என்பதை ஒரே தடவையில் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

எதையும் எடுக்க வேண்டாம். குரல் இருக்கட்டும், அத்தைக்கு வேண்டும். என் கையும் இருக்கட்டும். அங்கே கொஞ்சம் வெட்டி இங்கே கொஞ்சம் ஒட்டினால் அது மறுபடியும் நாடகமாகிவிடும். ஒட்டுப்போடுகிற வேலையைத்தான் நான் இத்தனை வருஷம் செய்தேன். இனி முடியாது. பார்க்கிறவர்கள் துக்கம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

அத்தையிடம் எதுவும் சொல்லாதே. செத்துப்போன பிள்ளையை அவர்களிடமிருந்து இன்னொரு தடவை பிடுங்க வேண்டாம்.

அண்ணி

நவம்பர் 11

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்துக்கு இத்தனை மாதம் பதில் எழுதாமல் இருந்ததற்கு வேலையைக் காரணம் சொல்ல மாட்டேன். எழுத உட்கார்ந்தால் என்ன எழுதினாலும் அது என் குரலில்தான் இருந்தது. செட்டில் உதவியாளர்களைக் கூப்பிடும்போதுகூட இப்போதெல்லாம் பக்கத்தில் நடந்து போய்ச் சொல்கிறேன். பையன்கள் எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைக்கிறார்கள்.

போன வெள்ளிக்கிழமை படத்தில் வேலை செய்தவர்களுக்கும் குடும்பத்தாருக்கும் போட்டுக் காட்டினார்கள். உங்களையும் கூப்பிட்டார்கள், நீங்கள் வரமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அம்மாவைக் கூட்டிப்போனேன். நல்ல புடவை, தலைக்கு எண்ணெய், ஒரே சந்தோஷம். படம் ஆரம்பித்ததிலிருந்து "எப்படா வரும், எப்படா வரும்" என்று என் கையைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

கதவைத் திறந்தீர்கள். பையன் விழுந்தான். உங்கள் முகம் திரை முழுக்க வந்தது. அப்புறம் அண்ணன் குரல்.

நான் திரையைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். நீங்கள் கையைத் தூக்குவதற்கு முன்னால் அம்மா கை தூக்கிவிட்டாள் அண்ணி. அதே மாதிரி. முழங்கையை மடக்கி, காதை மறைத்து. அந்த இருட்டில் எனக்கு மட்டும்தான் தெரிந்தது. திரையில் நீங்களும் பக்கத்து நாற்காலியில் அம்மாவும் ஒன்றாகக் கையை இறக்கினீர்கள்.

வெளியே வந்து கார் பிடித்தோம். கார் கிளம்பிய பிறகு, "உங்க அப்பா குரல்டா அது" என்றாள்.

"அண்ணன் குரல்மா."

"ரெண்டும் ஒண்ணுதான்."

கொஞ்சதூரம் போனதும் அவளே சொன்னாள். "அவ கை ஒரு தடவை வீங்கியிருந்துச்சு. படியில விழுந்துட்டேன்னா. சரின்னு மருந்து தடவி விட்டேன். நானும் படியில விழுந்தவதான்டா, எனக்குத் தெரியாதா? கேட்டா சொல்லிடுவாளோன்னு நான் கேக்கவே இல்ல."

வீட்டுக்கு வந்ததும் நாடாவை எடுத்து என்னிடம் கொடுத்து, அந்த இயக்குநருக்கே கொடுத்துவிடு என்றாள். அதிலிருந்து இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. உங்களுக்கு ஏதாவது எழுதட்டுமா என்று கேட்டேன். "என்னன்னு எழுதுவ?" என்கிறாள்.

தம்பி

நவம்பர் 19

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் நேற்று வந்தது. இரண்டு தடவை படித்தேன். ஆஸ்பத்திரிக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்தேன்.

அத்தையை இங்கே கூட்டிக்கொண்டு வா. ஒரு மாதம் இருக்கட்டும், பிடித்திருந்தால் இன்னும் இருக்கட்டும். என்னிடம் அவர்கள் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை என்று சொல். நானும் ஒன்றும் கேட்கப் போவதில்லை. பேச்சு வந்தால் பேசுவோம், வராவிட்டால் சும்மா உட்கார்ந்திருப்போம். கட்டில் ஒன்றுதான் இருக்கிறது, அதை அத்தைக்குக் கொடுத்துவிடுகிறேன். மாற்றுப் புடவை அதிகம் எடுத்துவர வேண்டாம், என்னுடையது போதும்.

நீயும் விட்டுவிட்டு ஓடாதே. நாலு நாள் இருந்துவிட்டுப் போ. உன் குரல் எனக்குப் பழக வேண்டும். முதல் நாள் நான் கொஞ்சம் மிரண்டால் கண்டுகொள்ளாதே, பேசிக்கொண்டே இரு.

அன்புடன்,
அண்ணி